துணி பட்டன் மெஷின் காலத்து கண்டுபிடிப்பா? இல்லவே இல்ல

"துணி பட்டன்லாம் 19ஆம் நூற்றாண்டுல மெஷின் வந்தப்புறம் வந்தது, இடைக்கால ஐரோப்பிய டிரஸ்ல வெறும் கயிறுதான்"னு ஒரு மெசேஜ் சுத்துது. தப்புங்க. (துணி பட்டன்னா துணியாலயே செஞ்ச, இல்லன்னா மேல துணி போர்த்தின பட்டன்.) லண்டன்ல தேம்ஸ் கரையோரம் தோண்டினப்ப 14ஆம் நூற்றாண்டு சட்டைக்கை துண்டுகள் துணி பட்டனோடவே கிடைச்சிருக்கு. 1364ல இறந்த பிரெஞ்சு பிரபு சார்லஸ் டி புளுவாவோடதுன்னு சொல்ற மேலங்கி பிரான்ஸ்ல லியோன் நகர மியூசியத்துல இருக்கு, அதுல மரத்துண்டு மேல துணி போர்த்தின பட்டன்.

இன்னொண்ணு, உள்ள கட்டாயம் மரமோ உலோகமோ இருக்கணும்ங்கறாங்க, அதுவும் சரியில்ல. கம்பளித்துணி கட்பீஸ்ல சின்ன வட்டம் வெட்டி ஓரத்தை சுத்தி நூலோட்டம் ஓட்டி சுருக்குப்பை மாதிரி இழுத்து, ஓரத்தையெல்லாம் உள்ள தள்ளி, அடியில குறுக்கும் நெடுக்குமா தைச்சு இறுக்கினா அந்தத் துணியே உள்ளடைப்பு ஆயிடும், கெட்டியா உருண்டையா நிக்கும். நல்லா அடர்த்தியான கம்பளின்னா நூல் பிரியாது, தேன்மெழுகு தேய்ச்ச லினன் நூல் எடுத்துக்கோங்க, இழுக்கும்போது அறுந்தா கடுப்பாயிடும். அப்புறம் அந்தக் காலத்துல பட்டனை துணியோட விளிம்புலயே வச்சு தைப்பாங்க, இப்ப மாதிரி உள்ள தள்ளி இல்ல, அந்தக் கால மாதிரி டிரஸ் தைக்கறவங்க தயவுசெஞ்சு இதை கவனிங்க.

மெஷினுக்கு ரொம்ப முன்னாடியே இங்கிலாந்துல பட்டு நூல் பட்டன் செய்றவங்க பொழப்பு போகுதுன்னு துணி பட்டனை தடுக்க 1698லயும் 1720லயும் சட்டமே போட்டாங்க, இல்லாத பட்டனுக்கு யாரு தடை போடுவா?