சென்னை – லண்டன் ஆறு மணி நேரப் பயணமா?

"சென்னையிலிருந்து லண்டனுக்கு ஆறே மணி நேரம், திரும்பி வர பதினைந்தரை. பூமி சுழல்வதால் போகும்போது லண்டனே விமானத்தை நோக்கி வந்துவிடுகிறது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

இரு நகரங்களுக்கும் இடையே நேர்வழித் தொலைவே சுமார் 8,200 கிலோமீட்டர். பயணிகள் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. ஆறு மணி நேரத்தில் போய்ச் சேர ஒலியை மிஞ்சும் வேகம் வேண்டும்.

குழப்பம் கடிகாரத்தில் இருக்கிறது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரமே அச்சாகும். குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும், கோடையில் நாலரை. குளிர்காலத்தில் மீனம்பாக்கத்தில் காலை 5.30க்குக் கிளம்பி அங்கே 11.30க்கு இறங்கினால், வானில் கழிந்தது பதினொன்றரை மணி நேரம். பகல் 1 மணிக்கு லண்டனில் ஏறி மறுநாள் விடியற்காலை 4.30க்கு இங்கே இறங்கினால், பத்து மணி நேரம்தான்.

உண்மையில் திரும்பும் பயணமே குறைவு. காரணம், மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த காற்று. பூமியோடு வளிமண்டலமும் சேர்ந்தே சுழல்வதால் லண்டன் யாரையும் தேடி வராது.

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் பலர் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள். ஆறு மணி நேரம் என்று நம்பி மாத்திரையைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? அதுதான் என் கவலை. டிக்கெட்டில் பயண நேரம் தனியாக இருக்கும். விமானங்களின் பயணத்தைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்திலும் பார்க்கலாம். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.