கூரகல மலைப் பள்ளிவாசல் நேற்று முளைத்ததல்ல

முந்தாநாளிலிருந்து எல்லோரும் பகிரும் அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். இலங்கையில் பலாங்கொடைக்கு அருகிலுள்ள கூரகல மலையில் முஸ்லிம்கள் அண்மையில்தான் வந்து இடம் பிடித்தார்களாம். அங்குள்ள தப்தர் ஜெய்லானி பள்ளிவாசல் கட்டப்பட்டது 1922இல். மறுபடியும் சொல்கிறேன், 1922. நாடு சுதந்திரம் பெறுவதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பு.

அங்கே பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. ஆதிகாலத்தில் பிக்குகள் அந்தக் குகைகளில் வாழ்ந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை, எங்கள் பெரியவர்களும் மறுத்ததில்லை. பாவா ஆதம் மலைக்கு, அதாவது சிவனொளிபாத மலைக்கு, வந்த இறைநேசர் முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி இங்கே தவமிருந்தார் என்பது எங்கள் நம்பிக்கை. அதைத் தொல்லியல் சான்றாக ஏற்கச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. ஆனால் 1922 நம்பிக்கை அல்ல, வரலாறு. பழைய கல்வெட்டு அதை அழித்துவிடுமா?

சிறுவயதில் ரபீஉல் ஆகிர் மாதக் கொடியேற்றத்துக்கு என் பாட்டி, உம்மும்மா, என்னை அழைத்துப் போவார். பலாங்கொடையிலிருந்து கல்தோட்டைப் பாதையில் பஸ், பிறகு ஏற்றம். முழங்கால் வலியோடு பாறைக்குப் பாறை உட்கார்ந்து நபிகள் மீது ஸலவாத்து ஓதிக்கொண்டே ஏறுவார். மேலே நார்சா என்னும் கந்தூரி உணவை வாங்கினால் பாதியை முந்தானையில் முடிந்து வைப்பார், வீட்டில் இருப்பவர்களுக்கு. கீழே பள்ளத்தில் சமவெளி விரிந்து கிடக்கும். எங்களோடு சிங்களக் குடும்பங்களும் ஏறின. யாரும் யாரையும் எப்போது வந்தாய் என்று கேட்கவில்லை.

2013இல் பள்ளிவாசலைச் சுற்றியிருந்த கட்டடங்கள் அகற்றப்பட்டன. தொல்லியல் பாதுகாப்பு என்றார்கள். பாதுகாப்பு வேண்டும்தான். அது எங்கள் நூறாண்டையும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டாமா?

இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது, அதே காணொளிக்குக் கீழே நம்மவர் ஒருவர் எழுதியது: "அது ஷிர்க் நடக்கும் இடம், போனால் போகட்டும்." ஷிர்க் என்றால் இறைவனுக்கு இணைவைப்பது. நாநா, இறைநேசர் நினைவாக எடுக்கும் கந்தூரி விழா உங்களுக்குப் பிடிக்காவிட்டால் போகாதீர்கள். இறைநேசர்களின் அடக்கத்தலமான ஸியாரம் பற்றி மார்க்க விவாதம் செய்யுங்கள், நானும் உட்கார்ந்து கேட்கிறேன். ஆனால் ஐந்து வேளை பாங்கு சொல்லும் பள்ளியைப் போகட்டும் என்று எழுத உங்கள் விரல் எப்படித் துணிந்தது? வெளியார் எங்களை வந்தேறிகள் என்கிறார்கள், நீங்கள் வழிகெட்டவர்கள் என்கிறீர்கள். உம்மும்மா மௌத்தாகிப் பதினொரு வருடமாகிறது. அந்தப் பாறைகளில் உட்கார்ந்து அவர் ஓதிய ஸலவாத்தும் ஷிர்க்தானா?