வலி மாத்திரை போட்டால் கருப்பை சுருங்குமா?

“மாதவிலக்குக்கு முன்னால் பெண் பிள்ளைகள் காட்டும் கோபமும் அழுகையும் செல்போன் பழக்கத்தால் வந்த திமிர். வலிக்கு மாத்திரை கொடுத்தால் கருப்பை சுருங்கிக் குழந்தை பிறக்காது.” ஈரோடு, திருப்பூர் பக்கத்து வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தியின் இரண்டு பாதியும் தவறு.

கருமுட்டை வெளியான பிறகு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன்களின் அளவுகள் ஏறி இறங்குகின்றன. அந்த மாற்றம் மனநிலையைச் சீராக வைக்க உதவும் செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருளையும் தொடுவதால் எரிச்சல், அழுகை, மார்பு வலி, வயிறு உப்புசம் எல்லாம் வரலாம். விலக்கு தொடங்கிய சில நாளில் அடங்கிவிடும். திமிருக்கு இப்படித் தேதி பார்த்து வரத் தெரியாது! சந்தேகம் இருந்தால் 2, 3 மாதம் காலண்டரில் குறித்துப் பாருங்கள்.

மாத்திரைக்கு வருவோம். இபுபுரோஃபன், மெஃபனமிக் அமிலம் போன்றவை வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைக் குறைக்கின்றன. சாப்பிட்ட பிறகு, மருத்துவர் சொன்ன அளவில், அந்த ஓரிரு நாள் போடுவதால் கருப்பை சுருங்காது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. எச்சரிக்கை வேண்டியது அங்கேதான்.

நல்ல தூக்கம், கொஞ்சம் நடை, உப்பும் காபியும் குறைவு, இவையும் உதவும். ராகிக் களியில் கால்சியம் உண்டு, ஆனால் அதுவே மருந்தாகிவிடாது. “ஏன் அம்மிணி மூஞ்சியத் தூக்கிட்டுத் திரியற?” என்று அந்த நாளில் கேட்காமல் இருப்பது பாதி வைத்தியம்.

மாதாமாதம் பள்ளிக்கூடம் போக முடியாத அளவுக்கு இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். சாக வேண்டும் என்று பேசினால் அன்றைக்கே கூட்டிப் போங்கள். 14416 எண்ணில் இலவச மனநல ஆலோசனையும் கிடைக்கும்.