தண்ணிக்குத்தான் டிரஸ் பண்ணணும், வெயிலுக்கு இல்ல

நேத்து நம்ம கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டற ஒத்தை ஆள் படகு) குரூப்ல நடந்தது உங்க எல்லாருக்கும் தெரியும், மறுபடி முழுசா சொல்லப் போறதில்ல. லடாக்ல ஜன்ஸ்கார் ஆத்துல கயாக் ஓட்டப் போற பொண்ணு, ட்ரைசூட், அதான் தண்ணி உள்ள புகாத முழு உடம்பு டிரஸ், எப்படிப் பாத்து வாங்கறதுன்னு கேட்டா. "ஆகஸ்ட்ல அங்க வெயில் மண்டையப் பொளக்கும், 3 எம்எம் வெட்சூட்டே போதும்"னு சீனியர் ஒருத்தர் பதில் போட்டார். வெட்சூட்னா உடம்ப ஒட்டின ரப்பர் டிரஸ், தண்ணி உள்ள வரும். ராத்திரி பூரா தூக்கம் வரல எனக்கு.

வெயில் அடிக்கும், யாரு இல்லன்னா? ஆனா கயாக் கவுந்தா நீங்க விழப்போறது வெயில்ல இல்ல, பனி உருகி வர்ற தண்ணில. தண்ணிக்குத்தான் டிரஸ் பண்ணணும். கோவளத்துல வருஷம் பூரா வெதுவெதுப்பான கடல்ல பேடல் பண்ணிப் பழகின நமக்கு இது லேசுல மனசுல ஏறாது, எனக்கும் ஏறல.

நான் முதல் தடவ அங்க போனப்ப இரவல் வெட்சூட்தான். சில்லிங்ங்கற ஊரத் தாண்டி, தண்ணி சீறிப் பாயற ஒரு ரேப்பிட்ல கவுந்தேன். தலை வெளிய வந்ததும் மூச்சு இழுக்குது இழுக்குது, விட முடியல, கத்தணும்னு நினைக்கறேன் சத்தமே வரல. கரைக்கு இழுத்துட்டு வந்தப்ப லைஃப் ஜாக்கெட் பக்கிளைக் கழட்டக்கூட விரல் மடங்கல. கனடால கார்டன் கீஸ்பிரெக்ட்னு ஒரு பேராசிரியர் இத 1-10-1னு சொல்வார். மூச்ச கட்டுக்குள்ள கொண்டு வர 1 நிமிஷம், கை கால் உருப்படியா வேலை செய்ய 10 நிமிஷம், குளிர்ல நினைவு தப்ப 1 மணி நேரம். அந்த முதல் நிமிஷத்துலயே தண்ணி குடிச்சு செத்துப்போறவங்க இருக்காங்க.

"ராஃப்ட்ல போறவங்க எல்லாம் வெட்சூட்தான போடறாங்க"ம்பீங்க. ராஃப்ட் பல பேர் சேந்து போற ரப்பர் படகு, கயாக் வேற. தனியா கவுந்து தனியா நீந்தறவளுக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது.

விலை ஜாஸ்திங்கறது நியாயம்தான், நானே ரெண்டு வருஷம் சேத்து வச்சுத்தான் வாங்கினேன். அதுக்காக வேணாம்னு சொல்லிடுவீங்களா? வாடகைக்கோ, செகண்ட் ஹேண்டோ கிடைக்குமான்னு பாருன்னு சொல்லலாமே. செகண்ட் ஹேண்ட்னா கழுத்துலயும் மணிக்கட்டுலயும் தண்ணி புகாம இறுக்கிப் பிடிக்கற லேடெக்ஸ் ரப்பர் பட்டைய, அதான் சீல், இழுத்துப் பாக்கணும், பிசுபிசுன்னு ஒட்டினாலோ வெடிப்பு விட்டிருந்தாலோ அத மாத்தற செலவும் சேரும். என்னோடத நம்ம ஊரு வெக்கையில பரண் மேல போட்டு வச்சு ஒரே கோடையில பாழாக்கினேன். புது சீல் கழுத்த நெரிக்குதுன்னு பயந்து வெட்டிடாதீங்க, எவர்சில்வர் பாத்திரத்துல ஒரு ராத்திரி மாட்டி வச்சா கொஞ்சம் இளகும்.

இன்னொண்ணு, ட்ரைசூட் தண்ணிய உள்ள விடாது, அவ்ளோதான். சூடு தராது. உள்ள ஃப்ளீஸோ கம்பளியோ போட்டே ஆகணும், காட்டன் பனியன் கூடவே கூடாது. அதனால கடையில போட்டுப் பாக்கும்போதே அந்த உள்டிரஸ்ஸோட போட்டு, முட்டி போட்டு உக்காந்து, கைய மேல தூக்கிப் பாக்கணும்.

அந்தப் பொண்ணு இன்னொண்ணும் கேட்டா. பாத்ரூம் போக பின்பக்கம் ஜிப் வச்சது எடுக்கணுமான்னு. அதுக்கு சிரிப்பு எமோஜி. பதினாலு பேர். என்னங்க சிரிப்பு இதுல? அந்த ஜிப் இல்லன்னா முழு சூட்டையும் கழட்டணும், ஆம்பளைங்க நடுவுல, ஆத்தங்கரையில. அதுக்குப் பயந்து நாள் பூரா தண்ணியே குடிக்காம பேடல் பண்ணினவ நான், லடாக் உயரத்துல, தலைவலில கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல. இருபது வருஷமா பேடல் பண்றேன்னு சொல்றீங்களே, கூட வர்ற பொம்பளைங்க ஏன் தண்ணி பாட்டிலத் தொடறதில்லன்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்கீங்களா?

நான் பதில் போட்டேன், "பயமுறுத்தாதீங்க மேடம்"னு முடிச்சிட்டாங்க. பயமுறுத்தல. கவுந்தவ சொல்றேன்.

தங்கச்சி, அந்த ஜிப் வச்சதே எடு, காசு கூட ஆனாலும் பரவால்ல. ஞாயித்துக்கிழமை காலை ஆறு மணிக்கு முட்டுக்காடு வந்துடு, வெயில் ஏறினா சூட்டப் போட்டுட்டு இருக்க முடியாது. என் சூட்ட போட்டுப் பாரு. கழுத்து சீலை விரலால விலக்கி உள்ள இருக்கற காத்த எப்படி வெளியேத்தறதுன்னு சொல்லித் தரேன், அப்படியே தண்ணில குதிச்சு நீந்தியும் பாத்துடலாம்.