நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்

அழுத்தினால் 'க்ளிக்' என்று சத்தம் தரும் பழைய கீபோர்டுகளில், கீக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச் எந்த வகை என்று உள்ளே இருக்கும் தண்டின் நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெள்ளைத் தண்டு ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவன ஸ்விட்சிலும் உண்டு, அதன் நகல்களிலும் உண்டு. முதலில் ஒரு கீயை மெதுவாக மேலே இழுத்துக் கழற்றி வடிவத்தைப் பாருங்கள். கூட்டல் குறி போலத் தண்டு இருந்தால் செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வகை. நடுவில் நீள்சதுரப் பள்ளம் இருந்தால் ஆல்ப்ஸ் வகை. அதில் சத்தம் தருவது உள்ளே இருக்கும் மெல்லிய உலோகத் தகடு. குழாய்க்குள் வெறும் ஸ்பிரிங் நின்றால் ஐபிஎம்மின் பக்ளிங் ஸ்பிரிங், அதாவது அழுத்தும்போது ஸ்பிரிங்கே வளைந்து சத்தம் தரும் வகை. அந்த வகையில் 1985-இல் வந்த மாடல் எம் என்ற ஐபிஎம் கீபோர்டில் பெரும்பாலும் கீ இரண்டு துண்டாக இருக்கும். மேல் மூடி மட்டும் கையோடு வந்தால் உள்துண்டையும் எடுத்தால்தான் ஸ்பிரிங் தெரியும். அந்தக் கீபோர்டைக் கவிழ்த்துப் பாருங்கள், பின்பக்க லேபிளில் தயாரிப்புத் தேதியே இருக்கும்.

சத்தத்தை வைத்துச் சொல்வதும் எங்கள் பக்கம் சரிவராது. கீழக்கரை, தொண்டி வீடுகளில் பரணில் கிடந்ததை எடுத்தால் உப்புக்காற்றில் ஸ்பிரிங் துருவேறி, க்ளிக் மங்கியிருக்கும். அதற்காகப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். தயவுசெய்து ஒரு கீயையாவது கழற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.