பேசாதவர்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கவில்லை

நம் முகநூல் மாடித்தோட்டக் குழுவில் நேற்று முன்தினம் நடந்த களையெடுப்பு, அதாவது பேசாத உறுப்பினர்களை அட்மின் நீக்கியது, உங்களுக்கெல்லாம் தெரியும். அந்த அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட்டை எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதமாக லைக், கமெண்ட் எதுவும் போடாதவர்கள் தூங்குமூஞ்சிகளாம். ஓசியில் சாப்பிட வந்தவர்களாம். நீக்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. ஏழு வருடமாக அங்கே இருந்தவள்.

நான் தூங்கவில்லை. படித்துக்கொண்டிருந்தேன்.

முதல் வருடம் பீர்க்கங்காய் போட்டேன். கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து, பூவாய்க் கொட்டியது. ஒரு காய்கூட நிற்கவில்லை. பிஞ்சு சுண்டுவிரல் அளவு வந்ததும் மஞ்சளாகி விழுந்துவிடும். உரம் மாற்றினேன், மீன் அமிலம் தெளித்தேன், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம்தான் குழுவில் ஒரு பழைய பதிவின் அடியில், யாரோ ஓர் அம்மா எழுதியிருந்த நாலு வரி கண்ணில் பட்டது. அதற்கு ஒரு லைக்கூட இல்லை. பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு ஒட்டியிருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். பீர்க்கு சாயங்காலம்தான் மலரும், காலையில் போனால் வாடிக் கிடக்கும். ஆண் பூவைப் பறித்து, இதழைப் பிய்த்துவிட்டு, நடுவிலிருக்கும் மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாய்த் தொட்டுவிட வேண்டும். இவ்வளவுதான் அந்த நாலு வரி.

அன்று ஆறு மணிக்கு மேல் மாடிக்குப் போய் ஆறு பூவுக்குத் தொட்டுவிட்டேன். நான்கு காய் நின்றது. அதை எதிர்வீட்டு அக்காவுக்குச் சொன்னேன், அவர் தன் நாத்தனாருக்குச் சொன்னார், ஊரில் என் அம்மா இப்போது சுரைக்கும் அப்படித்தான் செய்கிறார். சுரையும் சாயங்காலம் பூப்பதுதான். அந்த நாலு வரி இத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறது. குழுவின் கணக்கில் மட்டும் நான் பூஜ்யம்.

"ஒரு லைக் போட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?" என்று கேட்பீர்கள். நான் கமெண்ட் போட்டேனே! 2019-ல் ஒரே ஒரு முறை. செம்பருத்தியில் மாவுப்பூச்சி, வேப்பெண்ணெயைத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கிறதே, என்ன செய்வது என்று கேட்டேன். எழுத்துப்பிழை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டே டைப் செய்தது. இன்றைக்குப் பேசாதவர்களைத் திட்டும் அதே மூத்த உறுப்பினர்களில் ஒருவர் என் பிழையை மேற்கோள் போட்டு, முதலில் தமிழ் கற்றுவிட்டுச் செடி வளருங்கள் என்றார். அதற்கு எத்தனை சிரிப்புப் பொம்மைகள்! சோப்புக் கரைசலோடு கலந்து அடித்தால் வேப்பெண்ணெய் தண்ணீரோடு சேரும் என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அதையும் வேறொருவர் பதிவில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய்.

அன்று இரவு முன்பின் தெரியாத மூன்று ஆண்களிடமிருந்து இன்பாக்ஸில் வணக்கம். ஒருவர் செடி பார்க்க வீட்டுக்கு வரலாமா என்று கேட்டார். அதோடு சரி, பிறகு நான் அங்கே எழுதவே இல்லை. இதை அட்மின் அண்ணன் யோசித்திருப்பாரா?

என் அப்பா தையல் கடை வைத்திருந்தார். புதிதாக வரும் பையனுக்கு முதல் வேலை காஜா எடுப்பது, பட்டன் தைப்பது. கத்தரிக்கோலைத் தொட விடமாட்டார். அவன் ஓரமாய் உட்கார்ந்து ஊசியைப் பிடித்துக்கொண்டே கட்டிங் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு தீபாவளிக்கு முன்னால் அப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார். துணி மலைபோல் குவிந்து கிடக்க, அதுவரை வாயே திறக்காத ஒரு பையன் சாக்கட்டியை எடுத்துக் கோடு போட்டு ஏழு ஜாக்கெட் வெட்டினான். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அப்பா கடைசிவரை அவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். லைபீரியாவில் தையல் பழகும் பையன்களோடு இருந்து பார்த்த ஜீன் லேவ் என்ற மானுடவியலாளரும் இதையேதான் கண்டார். பட்டனிலும் ஓரத் தையலிலும் தொடங்கி, வெட்டுவது கடைசியில்தான் கைக்கு வரும். 1991-ல் லேவும் எட்டியென் வெங்கரும் சேர்ந்து, ஓரத்தில் இருப்பதும் முறையான பங்கேற்புதான் என்று எழுதினார்கள். என் அப்பாவுக்கு அது எழுதாமலே தெரிந்திருந்தது.

"எல்லோரும் உங்களைப் போல இருந்தால் குழுவே இருக்காதே?" நியாயமான கேள்வி. தினமும் ஐம்பது பேருக்குப் பதில் சொல்கிறவர்கள் களைத்துப்போகிறார்கள். அவர்கள் எழுதியதால்தான் என் பந்தலில் காய் இருக்கிறது. அதை நான் மறக்கவில்லை. ஆனால் இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் இணையக் குழுக்களைப் பற்றி 2006-லேயே சொன்ன கணக்குதான் இது: நூறு பேரில் தொண்ணூறு பேர் படிப்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் எப்போதும் எழுதுவார். இணையக் குழுக்களை ஆராய்ந்த ஜென்னி பிரீஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் எழுதாதவர்களிடம் ஏன் எழுதுவதில்லை என்று கேட்டபோது, படிப்பதே போதும் என்றவர்கள் பாதிக்கு மேல். அந்தத் தொண்ணூறை வெட்டினால் மிச்சம் பத்தும் யாருக்காக எழுதும்?

போலிக் கணக்குகளை நீக்கத்தானாம். விதை விற்க வரும் போலிகள் எல்லாப் பதிவிலும் 'சூப்பர்', 'அருமை தோழி' போட்டுக்கொண்டே இருக்கிறார்களே. அவர்கள் பத்திரமாக உள்ளே இருக்கிறார்கள்.

எனக்கு வலிப்பது வேறு. கோயில் உபன்யாசத்தில் தூணோரம் உட்கார்ந்து கேட்கும் பாட்டியை யாராவது எழுப்பி, நீ கேள்வி கேட்கவில்லை, வெளியே போ என்பார்களா? ஊர்க்கூட்டத்திலும் பெண்கள் பின்னால்தான் நின்றோம், வீட்டிலும் அடுப்படியிலிருந்துதான் கேட்டோம். வாய் திறந்தால் சிரிப்பார்கள், திறக்காவிட்டால் துரத்துவார்கள் என்றால் நாங்கள் எங்கேதான் நிற்பது?

இந்த ஆடிப்பட்டத்தில் போட்ட பீர்க்கு இப்போது பூத்திருக்கிறது. எதிர்வீட்டு அக்காவின் மருமகள் அந்த நாலு வரியைக் கேட்டாள். சேமித்து வைத்திருந்ததைத் திறந்தேன். இந்த உள்ளடக்கம் இப்போது கிடைக்கவில்லை என்று வந்தது. அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் குறித்து வைத்துக்கொள்ளவில்லை.