ஃபேன் கொக்கியிலிருந்து அளந்து பாருங்கள்

புது டிவியும் ஹோம் தியேட்டரும் வாங்கியவர்கள், பொருத்த ஆள் வந்ததும் கேட்கிற முதல் கேள்வி "டிவியை எந்தச் சுவரில் மாட்டலாம்?" என்பதுதான். என்னைக் கேட்டால் அது கடைசியில் கேட்க வேண்டியது. நம்ம திருநெல்வேலிப் பக்கத்து ஹாலில் மனுஷன் எங்கே உட்காருவான் என்பதை, தளம் போட்ட அன்றைக்கே கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்ட ஃபேன் கொக்கி முடிவு செய்துவிட்டது. சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் ஃபேன் காற்று படாத நாற்காலியில் யாரையாவது ஒரு முழுப் படம் பார்க்க வையுங்கள் பார்ப்போம். சோபாவை எங்கே போட்டாலும் சரி, பத்தாவது நிமிஷம் ஆள் தரையில் பாய் விரித்து ஃபேனுக்கு அடியில் படுத்திருப்பார்.

தென்காசி, செங்கோட்டைக்காரர்கள் கொக்கிக்குப் பதிலாக மேற்கு ஜன்னலை வைத்துக்கொள்ளலாம். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு முன்னால் ஃபேன் எம்மாத்திரம்.

டவுனில் ரதவீதியை ஒட்டிய தெருக்களில் எங்கள் அக்கா வீடு. பழைய வீடாக இருந்தபோது தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களை என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும். தலைவாசலில் நின்றால் புறவாசல் தெரியும். அதே மனையில் கான்கிரீட் வீடு எழும்பியபோது மாடிப்படியையும் பூஜை அறையையும் உள்ளே கொண்டுவந்து சொருகினார்கள். மிச்சமானது ஹால். முன்பாதி 10 அடி அகலம், 13 அடி நீளம். பின்பாதியில் வலப்பக்கத்தைப் படிக்கட்டு தின்றுவிட, இடப்பக்கம் அடுக்களைக்குப் போகிற 4 அடி நடை மட்டும் மிச்சம். வாசலில் நின்று பார்த்தால் எதிரே படிக்கட்டுச் சுவர், 6 அடி அகலம். டிவி மாட்ட இருக்கிற ஒரே சுவர் அதுதான். இந்த 'எல்' வடிவம் நம்ம ஊரில் பாதி வீட்டில் இருக்கிறது.

அத்தான் வாங்கியது 5.1. அதாவது முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு என்று ஐந்து ஸ்பீக்கர், கூடவே அடிச்சத்தத்துக்கென்று சப்வூஃபர் என்கிற ஒரு பெட்டி. பொருத்த வந்த தம்பி அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார். முன் ஸ்பீக்கர்களில் வலது பக்கத்தது சுவர் மூலையில், தலைக்கு மேலே. இடது பக்கத்தது நடையின் வாயில். சப்வூஃபர் படிக்கட்டுக்கு அடியில், இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே. பின் ஸ்பீக்கர் இரண்டும் தெருவாசலுக்கு மேலே பரணில். ஆச்சி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "பாட்டு நல்லாக் கேக்கு. பேசுறதுதான் ஒண்ணும் வெளங்கலை."

ஆச்சிக்குக் காது மந்தம் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். காதில் கோளாறு இல்லை, ஹாலில்தான். கீழே விட்ரிஃபைடு டைல்ஸ், சுற்றிலும் பட்டி பார்த்து இழைத்த சுவர், மேலே கான்கிரீட், வலது சுவரில் பிள்ளைகள் வாங்கிய கோப்பைகளோடு ஒரு கண்ணாடி ஷோகேஸ். சத்தம் எங்கே போய் அடங்கும்? நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தில் இசைத்தூண்களைத் தட்டிப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கல் சத்தத்தை விழுங்காது என்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முதல் சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்துவிட்டால் மெல்லின, வல்லின மெய்யெல்லாம் கரைந்து உயிரெழுத்து மட்டும்தான் காதில் விழும். பாட்டுக்கு அது பரவாயில்லை, பேச்சுக்கு ஆகாது.

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இதே தொல்லை. புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் ஒரு சொல் சொன்னால் 5 வினாடிக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தது. வாலஸ் சபின் என்ற இளம் ஆசிரியரிடம் சரி செய்யச் சொன்னார்கள். அவர் ராத்திரி நேரத்தில் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து போட்டு, ஆர்கன் என்ற இசைக்கருவியின் குழாய் ஒன்றை ஊதி, சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரத்தைத்தான் இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதில் பிடித்த விஷயம், சத்தத்தை விழுங்கும் திறனுக்கு அவர் வைத்துக்கொண்ட அளவை: திறந்த ஜன்னல். வெளியே போன சத்தம் திரும்பி வராது, அவ்வளவுதான் கணக்கு.

அந்தக் கணக்கை அக்கா வீட்டு முன்பாதிக்குப் போட்டுப் பாருங்கள். சாமான் எதுவும் இல்லாத மொட்டை ஹாலில் 7 அடிக்கு மூன்றரை அடி தலைவாசலைத் திறந்து வைத்தாலே எதிரொலி நேரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். ஏசி மாட்டிக் கதவைச் சாத்திய பிறகுதான் நம் வீடுகளில் சத்தம் கெட்டது என்பது என் எண்ணம். கதவைத் திறந்தால் தெருவே நம்ம படத்தைக் கேட்கும் என்பது வேறு விஷயம்.

சரி, மாற்றி வைத்த கதைக்கு வருகிறேன். கொக்கி, படிக்கட்டுச் சுவரிலிருந்து ஆறரை அடியில் இருக்கிறது. நாற்காலியை அதற்கு நேர் கீழே போடவில்லை, ஓர் அடி பின்னால். காரணம் உண்டு. நம்ம ஊர்ச் சூட்டில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். 13 அடி நீளத்துக்குள் அது முன்னும் பின்னும் மோதும்போது 44 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள அடிச்சத்தம் சுவரோரம் குமுறும், சரிபாதி இடத்தில் காணாமல் போகும். நடு ஹாலில் உட்கார்ந்து "பேஸே வரலை" என்று சப்வூஃபரைத் திருகுவதும், சுவரோர சோபாவில் இருப்பவர் "நெஞ்சு அதிருது, குறை" என்று சொல்வதும் ஒரே நேரத்தில் நடப்பது இதனால்தான். 'எல்' வடிவத்தில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது, இருந்தாலும் ஓர் அடி தள்ளினால் வித்தியாசம் தெரியும்.

நாற்காலி உறுதியான பிறகு அங்கிருந்து முன்னோக்கி அளந்தோம். முன் ஸ்பீக்கர் இரண்டையும் ஸ்டாண்டில் வைத்து, படிக்கட்டுச் சுவரை விட்டு 2 அடி வெளியே இழுத்தோம். இரண்டுக்கும் நடுவே 5 அடி, ஒவ்வொன்றிலிருந்தும் நாற்காலிக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. பெட்டியில் கீச்சுச் சத்தம் வருகிற சின்ன வாய், உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில். மூலையில் இருந்த வலது ஸ்பீக்கர் மூலையை விட்டு வந்ததுமே அதன் கொழகொழப்பு போனது. பக்கத்தில் சுவர் இருக்கிற ஸ்பீக்கர் கனமாகவும், நடைப்பக்கம் திறந்து கிடக்கிற ஸ்பீக்கர் மெலிவாகவும் கேட்பது 'எல்' ஹாலின் பிறவிக்குணம். இழுத்து வைத்தபின்னும் மிச்சமிருந்ததை ஆம்ப்ளிஃபையரில் இடது பக்கத்தை ஒரு டெசிபல் ஏற்றிச் சமாளித்தாயிற்று.

ஷோகேஸுக்கு ஒரு பரீட்சை. நாற்காலியில் நான் உட்கார்ந்துகொள்ள, மருமகன் முகம் பார்க்கிற கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி மெல்ல நகர்த்திக்கொண்டே போனான். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே பட்டுத்தான் சத்தம் திரும்பி வருகிறது. சரியாக ஷோகேஸ் இருந்த இடம். அதைத் தெருச்சுவர் பக்கம் நகர்த்திவிட்டு அங்கே அக்காவின் புத்தக அலமாரி வந்தது. மேடும் பள்ளமுமாக அடுக்கிய புத்தகம் சத்தத்தைச் சிதறடிக்கும். முட்டை அட்டை ஒட்டலாமா என்று கேட்காதீர்கள். அந்த மெல்லிசு அட்டை கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கும், அவ்வளவுதான். பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிடுவதும் அப்படியே. அழகுக்குத் தொங்கவிடலாம்.

சோபா பற்றி எனக்கு வஞ்சம் உண்டு, மறைக்கவில்லை. மூணு-ஒண்ணு-ஒண்ணு செட் 10 அடி ஹாலுக்குள் வந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் நேராக நடந்ததில்லை. "எல் ஹாலுக்கு எல் சோபா" என்று கடைக்காரர்கள் விற்கிறார்களே, அதன் ஒரு கால் நிச்சயமாக நடைபாதையில்தான் நிற்கும். அடுக்களையிலிருந்து குழம்புச் சட்டியோடு வருகிறவள் மூணு மணி நேரப் படத்தில் எத்தனை முறை குறுக்கே போவாள்? இடது சுவரோரம் வாசலிலிருந்து அடுக்களை வரை 3 அடி காலியாக விட்டுவிட வேண்டும், அது பேச்சுவார்த்தைக்கு அப்பாற்பட்டது. மீதி 7 அடிக்குள் பிரம்பு நாற்காலிகள், ஓர் ஈசிசேர், வலது சுவரோரம் இலவம்பஞ்சு மெத்தையோடு ஆச்சியின் கட்டில். அந்த மெத்தை செய்கிற வேலையை எந்த விலைக்கு வாங்கிய சோபாவும் செய்யாது.

சப்வூஃபருக்கு இடம் தேட, அதைத் தூக்கி நாற்காலியில் வைத்துப் பாட்டை ஓடவிட்டு, தரையோரமாகத் தவழ்ந்துகொண்டே கேட்க வேண்டும். எங்கே அடிச்சத்தம் ஒரே சீராகக் கேட்கிறதோ அங்கே அதை வைக்கலாம். அத்தான் வேட்டியை மடித்துக்கட்டித் தவழ்ந்ததைப் பார்த்து எதிர்வீட்டு மதினி சிரித்தது தனிக்கதை. புத்தக அலமாரிக்குப் பக்கம் நன்றாக இருந்தது. படிக்கட்டுக்கு அடியில் மட்டும் வேண்டாம், அந்தப் பொந்தே ஒரு பெட்டியாகிக் கூடச் சேர்ந்து குமுறும்.

பரணில் இருந்த பின் ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றிவிட்டோம். அவை உட்காருபவருக்குப் பக்கவாட்டில், சற்றே பின்னால் இருக்க வேண்டியவை. அந்த இடத்தில் இடப்பக்கம் இருப்பது நடைபாதை. அத்தானுக்கு மனசே இல்லை, "காசு கொடுத்து வாங்கினது மாப்ளே" என்றார். ஆனால் நடு ஸ்பீக்கரை நான் கழற்ற விடவில்லை. கட்டில் வலது ஓரத்தில் இருக்கிறது. எந்த ஸ்பீக்கரிலிருந்து சத்தம் முதலில் வருகிறதோ அங்கிருந்துதான் வருகிறது என்று காது நம்பிவிடும். 1949-இல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன் முனைவர் ஆய்வில் இதை அளந்து எழுதினார். இரண்டு ஸ்பீக்கர் மட்டும் இருந்தால் ஆச்சிக்கு எல்லோரும் வலது மூலையிலிருந்து பேசுவதுபோல் இருக்கும். நடு ஸ்பீக்கர் இருந்தால் டிவியில் வாய் அசைகிற இடத்திலிருந்தே பேச்சு வரும். அதை டிவி அலமாரியின் உள்ளே தள்ளாமல் விளிம்புக்கு இழுத்து, காதைப் பார்க்கிற மாதிரி லேசாக நிமிர்த்தி வைக்க வேண்டும்.

ஸ்பீக்கரைக் கழற்றினால் ஆம்ப்ளிஃபையர் மெனுவில் போய்ப் பின் ஸ்பீக்கர் இல்லை என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அதற்கு உரிய சத்தமெல்லாம், கழற்றிவிட்ட ஸ்பீக்கருக்கே போய்க்கொண்டிருக்கும். சொன்னால் முன்பக்கத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடும்.